வண்ண இமோஜியும் ஜம்பைக் கல்லெழுத்தும்

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமாகிய ஒருங்குறியின் ஆறாம் பதிப்பு 2010 அக்டோபரில் வெளிவந்தபோது அதில் 2,088 புதிய குறிகள் சேர்க்கப்பட்டிருந்தன. கள்ளக்குறிச்சியில் பிறந்த வடிவமைப்பாளர் டி. உதயகுமார் வரைந்து, அதே ஆண்டு ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறி அவற்றுள் ஒன்று. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பைப் பாறையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கும் சங்ககாலக் கல்வெட்டின் எழுத்தாகிய பிராமியும் அந்தப் பதிப்பில்தான் இடம்பெற்றது. இவ்விரண்டோடும் சேர்ந்து, ஜப்பானிய அலைபேசிகளில் தோன்றிய இமோஜி என்னும் படக்குறிகள் நூற்றுக்கணக்கில் நுழைந்தன. முதல் இரண்டுக்கும் கிடைத்த மதிப்பு மூன்றாவதற்கு அறிஞரிடையே கிடைக்கவில்லை. சிறுவர் விளையாட்டு என்றே அது பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. ஆயினும் மேசைக் கணினியின் திரையில் எழுத்து எவ்வாறு உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், ஜம்பைக் கல்லெழுத்து இன்று திரையில் தெரிவதற்கு இமோஜி ஆற்றிய பணி எத்துணைப் பெரியது என்பது விளங்கும்.

ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு; அதற்குக் குறியெண் என்று பெயர். 'க' என்னும் எழுத்தின் குறியெண் 2965, அதனோடு சேரும் உகரக் குறியின் எண் 3009, ரூபாய்க் குறியின் எண் 8377, கண்ணீர் மல்கச் சிரிக்கும் முகத்தின் எண் 128514. கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒருவர் சிரிக்கும் முகத்தை அனுப்பினால், காற்றில் பயணம் செய்வது அந்த எண் மட்டுமே. கணினியின் அளவைப்படி அது வெறும் நான்கு பைட்டுகள். 'கு' என்று எழுதி அனுப்புவதற்கு ஆறு பைட்டுகள் வேண்டும். மலை மறைவில் சிக்னல் மெலிந்து புகைப்படம் போய்ச் சேராத நேரத்திலும் இமோஜி போய்ச் சேருவது இதனால்தான். அந்த எண்ணுக்குரிய உருவம் எழுத்துரு எனப்படும் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்போ பெறுபவரின் கருவியில் இருக்கிறது. எழுத்துருவில் அந்த எண்ணுக்கு உருவம் இல்லையென்றால் வெற்றுக் கட்டம் ஒன்று தோன்றும். 'கட்டம் கட்டமாக வருகிறது' என்று நம்மவர்கள் சொல்வதை ஜப்பானியர் தங்கள் ஊர்ச் சோயாக் கட்டியின் பெயரால் 'தோஃபு' என்கின்றனர். கூகுள் நிறுவனம் உலக எழுத்துகள் அனைத்துக்கும் உருவாக்கி வரும் 'நோட்டோ' எழுத்துருக் குடும்பத்தின் பெயர், 'தோஃபு வேண்டாம்' என்னும் பொருளிலிருந்து வந்தது.

எண்ணும் உருவமும் ஒன்றையொன்று பிரிந்தால் என்ன நேரும் என்பதற்கு ரூபாய்க் குறியின் முதல் மாதங்களே சான்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து தேர்வான அந்தக் குறியை வரைந்தபோது உதயகுமார் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்து வடிவங்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வை முடித்து, குவாஹாட்டியின் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேரவிருந்தார். அமைச்சரவை ஒப்புதல் அளித்த சில நாள்களிலேயே மங்களூரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று, விசைப்பலகையின் இடது மேல் மூலையில் பலரும் பயன்படுத்தாத சிறு சாய்குறியின் எண்ணில் ரூபாயின் உருவத்தைப் பொருத்தி ஓர் எழுத்துருவை வழங்கியது. அந்த எழுத்துரு உள்ளவர் கண்ணுக்கு ரூபாய் தெரிந்தது. அது இல்லாதவருக்கு விலைக்கு முன்னால் ஒரு சாய்கோடு மட்டும் தெரிந்தது. அக்டோபரில் உரிய எண் கிடைத்து, 2011-இல் விண்டோஸுக்கு மேம்படுத்தல் வந்த பின்னரே இந்தக் குழப்பம் தணிந்தது. தமிழில் கணக்கெழுதியோர் பயன்படுத்திய பழைய ரூபாய்க் குறி 2003-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் தனி எண் பெற்றுவிட்டது என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

தமிழ்த் தட்டச்சு செய்வோருக்கு இந்தக் குழப்பம் புதிதன்று. பாமினி, செந்தமிழ், வானவில் என்று ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் உருவங்களைத் தத்தம் விருப்பப்படி அடுக்கிவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாக டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. அதற்கு முன்பே உலகத் தமிழர் பலர் கூடி திஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்திருந்தனர். 2010 ஜூனில்தான் தமிழக அரசு ஒருங்குறியையும் அதற்கு இணையாக டேஸ்-16 என்னும் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. இமோஜியின் வரலாறும் ஏறத்தாழ இதே பாதையில் சென்றது. 1999-இல் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகேதாகா குரிதா 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள் 176 படங்களை வரைந்தார். போட்டி நிறுவனங்கள் தத்தமக்கு வேறு வேறு எண்களை வைத்துக்கொண்டதால், ஒரு நிறுவனத்தின் அலைபேசியில் அனுப்பிய படம் மற்றொன்றில் சிதைந்தது. அந்தச் சிதைவைத் தீர்க்கவே ஒருங்குறி இமோஜியை ஏற்றது. பாமினியில் அச்சிட்ட திருமண அழைப்பிதழை வேறு கணினியில் திறந்து திகைத்த எவருக்கும் ஜப்பானியரின் துன்பம் எளிதில் விளங்கும்.

எண் கிடைத்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒருங்குறி தொடங்கப்பட்ட காலத்தில் உலக எழுத்துகள் அனைத்தும் 65,536 இடங்களுக்குள் அடங்கிவிடும் என்று கருதப்பட்டது. அந்த நம்பிக்கையில்தான் விண்டோஸ், ஜாவா முதலிய பல அமைப்புகள் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்டுகள் போதும் என்று கட்டப்பட்டன. தமிழ், தேவநாகரி, ரூபாய்க் குறி எல்லாம் அந்த எல்லைக்கு உட்பட்டவை. பிராமியின் எண்களோ 69632-இல் தொடங்குகின்றன. இமோஜிகளில் பெரும்பாலானவை அதற்கும் அப்பால் உள்ளன. இவற்றைப் பழைய அமைப்புகள் இரண்டு பாதிகளாகப் பிளந்து, ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பிளவை அறியாமல் எழுதப்பட்ட மென்பொருளில் அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு பாதி மட்டும் அழிந்து, எஞ்சிய பாதி பொருளற்ற குறியாக நிற்கும். எழுத்துகளை எண்ணச் சொன்னால் ஒரு முகத்தை இரண்டு என்று கணக்கிடும். தரவுத்தளங்களிலும் இதே குறை இருந்தது. மைஎஸ்க்யூஎல் என்னும் பரவலான தரவுத்தளம் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகள் மட்டுமே ஒதுக்கியிருந்தது. தமிழ் எழுத்து மிகச் சரியாக மூன்று பைட்டுகளில் அடங்குவதால் தமிழ்த் தளங்களை நடத்தியோர் எவரும் இக்குறையை உணரவில்லை. நான்கு பைட்டு இமோஜி வந்தபோதோ, அந்தப் படம் நின்ற இடத்தோடு வாக்கியமே அறுந்து மீதி காணாமல் போயிற்று. 2010-இல் அந்தத் தரவுத்தளம் நான்கு பைட்டு முறையைச் சேர்த்தது. அதைப் பயனர்கள் பரவலாக ஏற்கச் செய்தது இமோஜியின் வரவு.

ஜம்பைக் கல்வெட்டின் இடம் இங்கேதான் வருகிறது. 1981-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளிக்கொணர்ந்த அந்த ஒற்றை வரி, அதியமான் துறவியருக்கு உறைவிடம் கொடுத்ததைச் சொல்வதோடு, அசோகரின் ஆணைகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துக் கூறப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினாவுக்கும் விடை அளித்தது. பிராகிருதப் பட்டம் ஒன்றும் தமிழ்ப் பெயரும் அதில் ஒருசேர நிற்கின்றன. இத்தகைய எழுத்தை உள்ளிட்டு, தேடி, அச்சிட வேண்டியவர்கள் உலகம் முழுவதும் சேர்ந்தாலும் சிலரே. அந்தச் சிலருக்காக எந்தப் பெரிய நிறுவனமும் தன் மென்பொருளின் அடித்தளத்தைத் தோண்டி மறுபடி கட்டியிருக்காது. கோடிக்கணக்கானோர் தங்கள் சிரிக்கும் முகம் கட்டமாகத் தெரிகிறது என்று குறைப்பட்டதால்தான் 65,536-க்கு அப்பால் செல்லும் பாதை பெரும்பாலான மென்பொருள்களில் செப்பனிடப்பட்டது. செப்பனிட்ட பின் அந்தப் பாதையில் பிராமியும் நடக்கலாம்; இமோஜிக்கும் பிராமிக்கும் இடையே கணினி வேறுபாடு பார்ப்பதில்லை.

அடுத்த படி, எந்த எழுத்துருவிலிருந்து உருவத்தை எடுப்பது என்று மென்பொருள் முடிவு செய்வது. ஒரே எழுத்துருவில் எல்லா எழுத்துகளும் இருப்பதில்லை என்பதால், தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று, இமோஜிக்கு ஒன்று என்று கணினி ஒரு வரிசையை வைத்துக்கொண்டு, முதலில் உள்ளதில் இல்லாததை அடுத்ததில் தேடுகிறது. சிவப்பு இதயம் முதலிய சில குறிகள் இமோஜி வருவதற்கு முன்பே கறுப்பு வெள்ளை அச்சுக்குறிகளாக இருந்தவை. ஆகவே பழைய எழுத்துரு வரிசையில் முன்னால் நின்றால் வண்ண இதயம் வர வேண்டிய இடத்தில் கறுப்பு இதயம் வந்து நிற்கும். இதைத் தவிர்க்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை இதயத்தின் பின்னால் சேர்த்து, 'வண்ணப்படமாகக் காட்டுக' என்று ஆணையிட ஒருங்குறியில் வழி உண்டு. 'எழுத்தாகவே காட்டுக' என்பதற்கு வேறொரு குறி உண்டு. இவற்றை மதிக்காத மென்பொருளில் அந்த ஆணைக்குறியே தனிக் கட்டமாகத் தோன்றுவதும் நடக்கிறது.

இதற்கு நேர்மாறான பிழை லினக்ஸ் கணினிகளில் பலரை அலைக்கழித்தது. சதுரத்துக்குள் எண் வைத்த இமோஜிகளை உருவாக்குவதற்காக வண்ண எழுத்துருக்கள் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களையும் தம்முள் வைத்திருக்கின்றன. இமோஜி வரவில்லையே என்று வண்ண எழுத்துருவை வரிசையின் தலைப்பில் வைத்துவிட்டால், இமோஜி வரும். அதோடு விலைப்பட்டியல், சர்வே எண், தேதி என எல்லா இலக்கங்களும் இமோஜி அகலத்துக்கு விரிந்து, இடைவெளி விட்டு விட்டு நிற்கும். முறையான தீர்வு, இமோஜியைத் தனி வகை எழுத்தாகக் கருதி அதற்கென்று தனி வரிசை வைப்பதே. இன்றைய நல்ல மென்பொருள்கள் அவ்வாறே செய்கின்றன.

மூன்றாவது படியில்தான் தமிழுக்கும் இமோஜிக்கும் உள்ள உறவு மிக அழகாக வெளிப்படுகிறது. 'க' என்னும் எண்ணையும் உகரக் குறியின் எண்ணையும் அடுத்தடுத்துப் பெறும் கணினி, அவற்றைத் தனித்தனியாக வரையாமல், எழுத்துருவுக்குள் உள்ள மாற்று அட்டவணையைப் பார்த்து, இரண்டுக்கும் பதிலாக 'கு' என்ற ஒரே உருவத்தை எடுக்கிறது. 'கொ' எழுதும்போது ஒற்றைக் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் அமர்கிறது. இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு எழுத்தமைப்புப் பொறி என்று பெயர் கொள்ளலாம். விண்டோஸில் தமிழ் முதன்முதலில் விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு சரியாகத் தெரிந்ததும், லினக்ஸிலும் பல உலாவிகளிலும் ஹார்ஃப்பஸ் என்னும் பொறியின் வழியே இன்று தெரிவதும் இதனால்தான். தந்தை, தாய், மகள், மகன் நால்வரும் சேர்ந்து நிற்கும் குடும்ப இமோஜியும் இதே அட்டவணையால்தான் அமைகிறது. அங்கே நான்கு மனிதர்களுக்கு நான்கு எண்கள், அவர்களை ஒட்டவைக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி மூன்று, ஆக ஏழு எண்கள் வரிசையாக நிற்க, எழுத்துரு அவற்றை ஒரே படமாக மாற்றுகிறது. 2015 முதல் வந்த தோல்நிற வேறுபாடும், முகத்துக்குப் பின் ஒரு நிறக்குறி ஒட்டி உருவம் மாறுவதே; உயிர்மெய் அமையும் முறைக்கு இது மிக நெருக்கமானது. இந்த அட்டவணையைப் பயன்படுத்தாத மென்பொருளில் குடும்பம் பிரிந்து நான்கு தனித்தனி மனிதர்களாக நிற்கும். அதே மென்பொருளில் 'கு' என்பதும் ககரமும் தொங்கும் உகரக் குறியுமாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். தமிழ் சரியாகத் தெரியும் மென்பொருளுக்கு இமோஜி பாதி கைவந்த கலை என்று சொல்வது மிகையாகாது.

நாட்டுக் கொடிகளும் இணைப்பு முறையில் அமைந்தவை. இந்தியக் கொடி என்பது ஐ, என் என்னும் இரண்டு சிறப்பு ஆங்கில எழுத்துகளின் சேர்க்கை. விண்டோஸின் சொந்த இமோஜி எழுத்துருவில் நாட்டுக்கொடிகள் நெடுங்காலமாகச் சேர்க்கப்படாததால், ஆகஸ்ட் 15 அன்று அலைபேசியில் மூவண்ணமாகப் பறக்கும் கொடி, அதே செய்தியை மேசைக் கணினியில் திறக்கும்போது இரண்டு ஆங்கில எழுத்துகளாக நிற்கிறது. பார்ப்பவர் பலர் இதைத் தம் கணினியின் பழுது என்று எண்ணிக்கொள்கின்றனர்.

இனி வண்ணம். மென்பொருள் வரலாற்றில் இதுவே மிகக் கடினமான பகுதி. மூங்கில்துறைப்பட்டு ஆலையின் சர்க்கரை மூட்டை போன்ற எந்தச் சரக்கு மூட்டையிலும் பெயர் எழுதத் தகரத்தில் எழுத்தை வெட்டி, அதை மூட்டைமேல் வைத்து மை பூசும் முறையை நினைத்தால் எழுத்துருவின் இயல்பு விளங்கிவிடும். எழுத்துரு தருவது வெட்டிய தகரம் மட்டுமே; கறுப்பு மையா சிவப்பு மையா என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள். நாற்பது ஆண்டுகளாக எழுதப்பட்ட வரைநிரல்கள் அனைத்தும் இந்த ஒரு மை, ஒரு தகரம் என்னும் எண்ணத்தின் மேல் நின்றன. இமோஜி வந்தபோது எழுத்துருவே வண்ணத்தையும் கொண்டுவந்தது. அதை வாங்கிக்கொள்ளப் பழைய நிரல்களில் இடம் இல்லை.

இடர்ப்பாட்டைப் பெருக்கியது, ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு வழியில் வண்ணத்தைச் சேர்த்தது. ஆப்பிள் நிறுவனம் ஒவ்வொரு இமோஜியையும் பல அளவுகளில் சிறு புகைப்படம் போன்ற படங்களாக எழுத்துருவுக்குள் வைத்தது. கூகுளும் படங்களையே வைத்தது. ஆனால் அவற்றை அடுக்கும் அட்டவணை வேறு. மைக்ரோசாஃப்ட் 2013-இல் விண்டோஸ் 8.1-இல் பல தகரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்ற அடுக்கு முறையைக் கொணர்ந்தது. மொசில்லாவும் அடோபியும் எஸ்விஜி என்னும் வரைபடக் கோப்பை எழுத்துருவுக்குள் பதிக்கும் முறையை முன்வைத்தன. ஓப்பன்டைப் என்னும் பொது எழுத்துருத் தரம், எதையும் விலக்க மனமின்றி நான்கையும் ஏற்றுக்கொண்டது. 2021-இல் அடுக்கு முறை நிறக்கலவைகளையும் வரையும்படி விரிவாக்கப்பட்டது. ஒரு சொற்செயலி எந்தக் கணினியிலும் இமோஜியைச் சரியாகக் காட்ட வேண்டுமானால் நான்கு மொழிகளையும் அறிந்திருக்க வேண்டும்.

இதை அறிந்தால், திரையில் தெரியும் பிழையைப் பார்த்தே காரணத்தைக் கண்டுகொள்ளலாம். அடுக்கு முறை எழுத்துருக்களில் வண்ண அடுக்குகளோடு, வண்ணம் அறியாத மென்பொருளுக்காக ஒரு சாதாரணக் கோட்டுருவமும் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே விண்டோஸில் பழைய மென்பொருள் கறுப்புக் கோட்டு முகத்தைக் காட்டுகிறது. கூகுளின் பட முறை எழுத்துருவில் அத்தகைய கோட்டுருவம் இருப்பதில்லை. ஆகவே லினக்ஸில் பழைய மென்பொருள் வெற்றிடத்தைக் காட்டுகிறது. அந்த எழுத்துருவில் ஒவ்வொரு படமும் 136-க்கு 128 புள்ளி என்ற ஒரே அளவில் இருப்பதால், அதைச் சுருக்கத் தெரியாத மென்பொருளில் பன்னிரண்டு புள்ளி எழுத்துகளின் நடுவே இமோஜி மட்டும் மலைபோல் எழுந்து நிற்கும். லினக்ஸின் எழுத்துரு நூலகமான ஃப்ரீடைப் 2013-இல் வண்ணப் படங்களைப் படிக்கக் கற்றது. அதை வாங்கித் திரையில் வரையும் கைரோ நூலகத்தின் நிலையான பதிப்பு அந்தத் திறனைப் பெற்றது 2018-இல். அதைவிடப் பழைய எக்ஸ்எஃப்டி நூலகமோ, வண்ண இமோஜி ஒன்று வந்தவுடன் தன்னைப் பயன்படுத்தும் மென்பொருளையே முடக்கிவிடும் நிலையில் 2022 வரை இருந்தது. படிக்கும் பகுதி ஆயத்தமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்தே இந்த நூலகத்தின் வரையும் பகுதி ஆயத்தமானது என்பது, திரையில் ஒரு சிறு முகம் தோன்ற எத்தனை கைகள் ஒத்துழைக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. அந்த நூலகங்களில் பெரும்பகுதியைப் பராமரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர்களே. அவர்களுக்கு உரிய நன்றி இன்னும் சொல்லப்படவில்லை.

அச்சுக்குப் போகும்போது இன்னொரு தடை. பிடிஎஃப் கோப்புகளில் பதிக்கப்படும் எழுத்துரு பெரும்பாலும் பழைய தகர முறையைச் சேர்ந்தது. எனவே மென்பொருள் இமோஜியைப் படமாகவோ தனி வரைநிரலாகவோ மாற்றிப் பதிக்க வேண்டும். அவ்வாறு மாற்றாத மென்பொருளில் திரையில் வண்ணமாக இருந்தது தாளில் வெற்றிடமாகிவிடும். சிறு ஊர்களின் டிடிபி கடைகளில் இன்னும் புழங்கும் பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாதது. வாட்ஸ்அப்பில் வரும் காதணி விழா வாசகத்தில் தமிழை மட்டும் கன்வர்ட்டரில் போட்டுப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிடலாம், கூடவே வந்த இமோஜிகளோ கேள்விக்குறிகளாகி நிற்கும். அங்கே எந்த எழுத்துருவை நிறுவினாலும் பயன் இல்லை. படத்தைத் தனியே எடுத்து ஒட்டுவது ஒன்றே வழி.

2019 மார்ச்சில் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பு வெளிவந்தது. ஆட்டோ, புடவை, அகல்விளக்கு, கோயில் ஆகிய நான்கு இமோஜிகளும் அதில் வந்தவை. அதே பதிப்பில், தமிழ் இணைப்புத் தொகுதி என்ற பெயரில் 51 பழந்தமிழ்க் குறிகள் 73664 முதலான எண்களைப் பெற்றன: இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி, ஒரு லட்சத்து இரண்டாயிரத்து நானூற்றில் ஒன்றாகிய கீழ்முந்திரி என, நிலத்தையும் நெல்லையும் நம் முன்னோர் அளந்து கல்லிலும் ஓலையிலும் எழுதிய நுண்ணிய பின்னங்கள் அவற்றுள் அடங்கும். தொடர்ந்து 2021-இல் 14-ஆம் பதிப்பு, பழந்தமிழ்ப் பிராமிக்குத் தேவையான புள்ளி, குறில் எகர ஒகரங்கள் உள்ளிட்ட ஆறு குறிகளைச் சேர்த்தது. ஆட்டோவும் புடவையும் பெரிய நிறுவனங்களின் கருவிகளில் விரைவிலேயே வண்ணத்தில் தெரியலாயின. காணியும் முந்திரியும் பல மேசைக் கணினிகளில் இன்றும் கட்டங்களாகவே தெரிகின்றன. எண் இருக்கிறது, 65,536-ஐத் தாண்டும் பாதையும் இருக்கிறது, வரையும் பொறியும் இருக்கிறது. அந்தக் கணினிகளோடு வரும் எழுத்துருக்களில் அவற்றின் உருவம் மட்டும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்' என்னும் எழுத்துருவை ஒருமுறை நிறுவிக்கொண்டால், சொற்செயலியில் ஆட்டோ இமோஜி நிற்கும் அதே வரியில், அதன் அருகிலேயே, காணியும் முந்திரியும் தெரியத் தொடங்கும்.